அடையாற்று ஆசிரியத் தரகு: ஆள்சேர்ப்பும் பொறுப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், இலங்கைப் பௌத்தர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிகளுக்குப் பாடம் சொல்ல மேலைநாட்டுப் பெண்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவோர் எவரும் குமாரி ஜயவர்த்தனவின் ‘தி ஒயிட் வுமன்ஸ் அதர் பர்டன்’ (1995) நூலைத் தாண்டிப் போக முடியாது. தனித்தனிப் பெயர்களாகச் சிதறிக் கிடந்தவர்களை ஒரு வரலாறாகத் திரட்டியது அந்நூல். அதன் தரவுகளோடு இக்கட்டுரைக்குச் சண்டை இல்லை. அவற்றைப் படித்த முறையோடுதான் சண்டை.

ஜயவர்த்தன இப்பெண்களைக் கொள்கைவாரியாகப் பிரிக்கிறார். மிஷனரிகள், சமூகச் சீர்திருத்தக்காரர், பிரம்மஞானிகள், இடதுசாரிகள் என்று வரிசை போகிறது. ஒவ்வொருவரும் பேரரசுக்குத் துணை நின்றாரா, எதிர்த்தாரா, பெண்விடுதலைக்கு என்ன செய்தார் என்பவை அவருடைய கேள்விகள். நல்ல கேள்விகள்தாம். ஆனால் இப்படிக் கேட்டால், பள்ளியில் சேர்ந்தது கொள்கைப் பற்றாகவும் பள்ளியை விட்டுப் போனது கொள்கைப் பிணக்காகவும் மட்டுமே தெரியும். வந்தவர்கள் ஆசிரியைகளும்கூட. யார் அழைத்தார்கள், யார் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள், வந்த இடத்தில் ஏதேனும் நடந்தால் யாரிடம் போய் முறையிடுவது என்ற கேள்விகளுக்கு அந்த வகைப்பாட்டில் கட்டமே இல்லை. நான் நிரப்ப முயல்வது அந்தக் கட்டத்தை.

அடையாறு, கொழும்பு, நியூயார்க்

பிரம்மஞான சபை 1882 டிசம்பரில் அடையாற்று ஹடில்ஸ்டன் தோட்டத்தில் குடியேறியது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1880இல், சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் இலங்கை சென்று புத்த பிரம்மஞான சபையை நிறுவியிருந்தார். மிஷன் பள்ளிகளுக்கு ஈடான ஆங்கிலப் பள்ளிகள் வேண்டும் என்பது அங்கிருந்தோரின் அவசரம். கட்டடமும் பிள்ளைகளும் கொழும்பில் கிடைத்தனர். ஆங்கிலத்தில் பாடம் சொல்லத் தெரிந்த, ஆனால் பாதிரிமாரைச் சேராத ஆசிரியர்தான் கிடைக்கவில்லை. அந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கும் இடமாக அடையாறு ஆனது.

முதலில் வந்தவர் சார்லஸ் லெட்பீட்டர். இங்கிலாந்துத் திருச்சபையில் குருவாக இருந்து, 1884இல் அடையாறு வந்தவர். 1886இல் ஆல்காட் அவரைக் கொழும்புக்கு அழைத்துப் போனார். அவ்வாண்டு நவம்பரில் புறக்கோட்டையில் திறந்த ஆங்கிலப் பௌத்தப் பள்ளிக்கு, பிற்கால ஆனந்தாக் கல்லூரிக்கு, அவரே முதல் தலைவர். 1889இல் இங்கிலாந்து திரும்பிவிட்டார். பெண்களை மட்டும் எழுதிய ஜயவர்த்தனவின் நூல் இவரை மையமாகக் கொள்ளாதது இயல்பு. ஆனால் லெட்பீட்டரை வரிசையின் தலையில் வைத்துப் பார்த்தால், பின்னால் வந்த பெண்களின் கதை வேறொரு சாயலைப் பெறுகிறது. ஆணோ பெண்ணோ, வந்த வழி ஒன்றே. அனுப்புவது அடையாற்றுத் தொடர்பு. வேலை தருவது பள்ளியை நடத்தும் கொழும்புச் சங்கம். நடுவில் நிற்பவர் ஆசிரியர்.

இந்த மூன்று முனை அமைப்பின் விலை 1891இல் தெரிந்தது. மாதர் கல்விச் சங்கம் நடத்திய சங்கமித்தா பெண்கள் பள்ளிக்குத் தலைவியாக மெல்போர்னிலிருந்து கேட் பிக்கெட் என்ற இளம்பெண் வந்தார். அவர் தாயாரும் பிரம்மஞானி. ஜூனில் கொழும்பில் இறங்கியவர் அந்த மாதமே பள்ளிக் கிணற்றில் மூழ்கி இறந்தார். சாவின் காரணத்தை ஆராய்வது என் வேலை அல்ல. புது ஊரில், மொழி தெரியாத பள்ளி விடுதியில் இறங்கிய ஒரு பெண்ணின் முதல் சில வாரங்களுக்கு யார் பொறுப்பு என்பதே கேள்வி. அடையாறு அவருக்கு வேலை தரவில்லை; கொழும்புச் சங்கம் அவரைத் தேடிப்பிடிக்கவில்லை. அவரவர் பங்கு அவரவரோடு முடிந்தது.

அடுத்த ஆளைத் தேடிய விதம் இன்னும் தெளிவானது. கொழும்பின் பீட்டர் டி ஏப்ரூ விடுத்த வேண்டுகோள், அமெரிக்கப் பிரம்மஞானி வில்லியம் ஜட்ஜ் நியூயார்க்கில் நடத்திய ‘தி பாத்’ இதழில் வந்தது. அதைப் பார்த்து முன்வந்தவர் மேரி மியூசியஸ் ஹிக்கின்ஸ். ஜெர்மனியின் விஸ்மாரில் 1855இல் பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்த கைம்பெண். விளம்பரம் நியூயார்க்கில், வேலை கொழும்பில், தலைமையகம் அடையாற்றில். 1891 இறுதியில் வந்து சங்கமித்தாவைப் பொறுப்பேற்ற ஹிக்கின்ஸ், பிறகு சங்கத்தோடு முறித்துக்கொண்டு சில மாணவியருடன் வெளியேறினார். மண்சுவரும் ஓலைக்கூரையுமாக அவர் எழுப்பிய குடிலே மியூசியஸ் கல்லூரியின் தொடக்கம்.

இங்கே ஆண்டுக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. கல்லூரி தன் வயதை 1891இலிருந்து எண்ணுகிறது. அது ஹிக்கின்ஸ் கப்பலிறங்கிய ஆண்டு. அப்போது அவர் சங்கமித்தாவின் ஊழியர். பிரிவு அதற்குப் பிந்தியது. 1893 என்று சொல்வோரும் உண்டு. இரண்டில் ஒன்றை நான் அறுதியிடப் போவதில்லை. ஆனால் 1891ஐத் தேர்ந்ததன் விளைவு கவனிக்கத் தக்கது. வேலைக்குச் சேர்ந்த நாளும் பள்ளி பிறந்த நாளும் ஒன்றாகும்போது, இடையில் நடந்த பிரிவு மறைந்துபோகிறது. அழைப்பை ஏற்று வந்த ஒரு பெருமகளின் கதை மட்டும் எஞ்சுகிறது. ஜயவர்த்தனவின் கொள்கைவழி வாசிப்பு இந்த எஞ்சிய கதையோடு நன்றாகப் பொருந்துவதில் வியப்பில்லை.

பிரிவைக் கொள்கைப் பிணக்கு என்பதைவிட முதலாளி–ஊழியர் பிணக்கு என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதற்கு ஒப்பந்தம், சம்பளப் பதிவு போன்ற நேர்ச்சான்றைக் காட்ட இயலாது. வாதம் நடத்தையின்மேல்தான் நிற்கிறது. வெளியேறியபின் ஹிக்கின்ஸ் பிரம்மஞானத்தையோ, பௌத்தப் பெண்கல்வியையோ, கொழும்பையோ விடவில்லை. 1926இல் இறக்கும்வரை அதே ஊரில் அதே பணியைச் செய்தார். அவரை வரவழைத்த டி ஏப்ரூவே புதுப் பள்ளிக்கும் துணை நின்றார். மாறியது ஒன்றே: அவருக்குமேல் இருந்த நிர்வாகம். நம்பிக்கைகளில் ஒன்றும் மாறாமல் நிர்வாகம் மட்டும் மாறிய பிரிவைக் கொள்கைப் பிரிவு என்பது கடினம்.

எதிர்ச்சான்று ஒன்றை ஒளிக்கக்கூடாது. 1903இல் காலி மகிந்தக் கல்லூரிக்கு வந்த பிரம்மஞானி எஃப். எல். உட்வர்ட் 1919வரை அங்கேயே இருந்தார். பிணக்கு என்று பேசும்படி எதுவும் இல்லை. ஆனால் உட்வர்ட் சம்பளம் வாங்கவில்லை. தன் கைப்பணத்தையும் பள்ளிக்குச் செலவிட்டவர். யாரிடமும் கூலி எதிர்பாராதவருக்கு இந்த ஏற்பாடு சரியாக ஓடியது. சம்பளத்தை நம்பி வந்தவருக்கு அது எப்படி ஓடும் என்பதற்கு அவர் சாட்சியாக முடியாது.

அடையாறே நேரில் வேலை கொடுத்தபோதும் நிலை பெரிதும் மாறவில்லை. 1915இல் அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் சபைத் தலைவி அன்னி பெசன்ட் அழைப்பில் அவருடைய ‘நியூ இந்தியா’ நாளிதழில் பணியாற்ற மனைவி மார்கரெட்டுடன் வந்தார். மறு ஆண்டு டப்ளின் ஈஸ்டர் எழுச்சியைப் பற்றி எழுதியதால் அந்த வேலை போயிற்று; பின்பு மதனப்பள்ளியின் பிரம்மஞானக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்க அமர்த்தப்பட்டார். எடுத்ததும் கொடுத்ததும் ஒரே வட்டம். கசின்ஸுக்கு அது நன்மையாக முடிந்தது என்பது வேறு. முறையிட வேறு வாசல் இல்லை என்பதே நம் பொருள். இடைத்தரகே இல்லாத வழியும் அக்காலத்தில் இருந்தது. லண்டன் மேடை நடிகை ஃப்ளாரன்ஸ் ஃபாரை 1912இல் யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்துத் தம் பெண்கள் கல்லூரிக்குத் தலைவியாக்கியவர் பொன்னம்பலம் இராமநாதனே. அங்கே அழைத்தவரும் அமர்த்தியவரும் ஒருவர். பொறுப்பு யாருடையது என்பதில் ஐயம் எழ இடமில்லை.

இரண்டு பட்டியல்கள்

இனி, வந்தவர்களை விட்டு இங்கிருந்து போனவர்களைப் பார்ப்போம். அடையாறு இருக்கும் இதே சென்னையிலிருந்து மலேயா போன தோட்டத் தொழிலாளி, 1922 குடிபெயர்வுச் சட்டத்துக்குப்பின் ஆவடி முகாமிலோ நாகப்பட்டினத்திலோ அரசு அதிகாரியைத் தாண்டித்தான் கப்பலேறினார். அந்தக் காவல் எவ்வளவு காத்தது என்பது தனிக் கதை. ஆயினும் அவரை ஒருவர் ஆள்சேர்த்தார் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. படித்தவர் நிலை என்ன? அச்சட்டம் ‘திறன்சார் வேலை’ என்று வரையறுத்த பட்டியலைப் பார்க்கலாம்: கைவினைஞர், குமாஸ்தா, கடை உதவியாளர், கண்காட்சி அல்லது கேளிக்கைக்குப் போவோர், உணவகம் தேநீர்க்கடைப் பணியாளர், வீட்டு வேலையாள். இன்னும் சேர்க்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆசிரியர் இல்லை.

அறுபத்தோராண்டு கழித்து, வளைகுடா அலை எழுந்தபின், 1983ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அதன் ‘வேலை’ வரையறையைப் பழைய பட்டியலோடு வரிக்கு வரி ஒட்டிப் பார்க்க வேண்டும். வீட்டு வேலை அப்படியே இருக்கிறது. உணவக வரியில், மேலாளர் நிலையில் உள்ளவருக்கு விலக்கு. புதிதாக லாரி ஓட்டுநர், மெக்கானிக், டெக்னீசியன். பழைய குமாஸ்தாவின் இடத்தில் அலுவலக உதவியாளர், கணக்கர், தட்டச்சர், சுருக்கெழுத்தர், விற்பனையாளர். அதே வரியில் நர்ஸும் ஏறிவிட்டார். கேளிக்கை வரியில் சினிமா சேர்ந்தது. இப்போதும் ஆசிரியர் இல்லை.

இந்த விடுபாட்டை ‘படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார்’ என்று விளக்குவது வழக்கம். பட்டியலே அதை மறுக்கிறது. கணக்கரும் சுருக்கெழுத்தரும் நர்ஸும் படித்தவர்களே. அவர்களுக்குக் காவல் வேண்டும் என்று கருதிய சட்டம் ஆசிரியரை மட்டும் தாண்டிப் போனது. படிப்பு இங்கே அளவுகோல் அல்ல, மதிப்புதான் அளவுகோல். ஆசிரியர் தொண்டு செய்யப் போகிறார், கூலிக்குப் போகவில்லை என்ற எண்ணம், 1891இல் அடையாற்று வட்டத்தை ஆண்ட அதே எண்ணம், 1983இன் வரைவிலும் இருக்கிறது என்பது என் வாதம்.

மாற்று விளக்கத்துக்கும் இடம் உண்டு. அன்று எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போன இந்திய ஆசிரியர்களை அந்நாட்டு அரசுகளே தேர்ந்தெடுத்ததால், சட்டம் எழுதியோர் கண்ணில் ஆசிரியத் தரகர் படாமலிருந்திருக்கலாம். எப்போது அரசுத் தேர்வு குறைந்து தனியார் ஏஜென்ட் கை ஓங்கியது என்பதற்கும் ஓர் ஆண்டைக் குறிக்க முடியாது. எழுபதுகளின் எண்ணெய் விலையேற்றத்துக்குப்பின் என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. மேலும் ‘மேற்கண்டவற்றை ஒத்த வேலை’ என்ற பொதுவரி ஒன்றும் 1983 பட்டியலில் உண்டு. ஆசிரியரை அதற்குள் அடக்கலாம் என்று வாதிடலாம். ஆனால் நர்ஸுக்குத் தனிப்பெயர் வேண்டியிருந்தபோது ஆசிரியருக்குப் பொதுவரி போதும் என்பது வலுவற்ற வாதம்.

பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு பிற்பாடு வெளிப்பட்டது. 2015இல், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்ஸுகளை அரசு நிறுவனங்கள் வழியாகவே சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியது. ஆசிரியருக்கு அப்படி ஒன்று வரவில்லை. பத்தாம் வகுப்பு தேறியவரின் பாஸ்போர்ட்டுக்கு அந்த அனுமதியே தேவையில்லை. அத்தகையோரும் புறப்படுமுன் பதிவு செய்ய வேண்டும் என்று 2018 நவம்பரில் வந்த அறிவிப்பு, அந்த மாதமே நிறுத்திவைக்கப்பட்டது. இவற்றுக்கு முன்பே, 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய உடன்படிக்கை, அதுவரை ஏழு நாட்டவருக்கே இருந்த கொரியப் பள்ளி வாசலை இந்திய ஆங்கில உதவி ஆசிரியருக்கும் திறந்தது. வணிக ஒப்பந்தத்தில் ஆங்கில ஆசிரியருக்குப் பெயர் கிடைத்தது. காப்புச் சட்டத்தில் கிடைக்கவில்லை.

இன்றைய தரகு

மயிலாப்பூர்ப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் பி.எட். பட்டதாரி, மாலத்தீவுக்கோ ஓமானுக்கோ தாய்லாந்துக்கோ போக தி. நகரில் ஒரு கன்சல்டன்சிப் படி ஏறும்போது இந்த வரலாறு அவரோடு ஏறுகிறது. அங்கே இருவகைத் தரகு உண்டு. ஒன்று, சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு பள்ளியோடு இணைத்துவிட்டு விலகுவது. மற்றது, தாய்லாந்தில் பரவலாக உள்ளதுபோல், ஏஜென்சியே முதலாளியாகி ஆசிரியரைப் பள்ளிக்கு அனுப்பிச் சம்பளத்தையும் தானே தருவது. முதல்வகையில் அடையாற்றின் சாயல். ஆளை அனுப்பியதோடு வேலை முடிந்தது. இரண்டாம் வகையில் முறையிட ஓர் இடம் இருக்கிறது. ஆனால் பள்ளி தரும் தொகைக்கும் ஆசிரியர் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள இடைவெளி ஏஜென்சிக்கு மட்டுமே தெரியும்.

பதிவு பெற்ற ஏஜென்ட்டை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்ற உச்சவரம்பு உண்டு. தமிழக அரசு 1978இல் தொடங்கிய, பல்லாண்டு அடையாறு முத்துலட்சுமி சாலையில் இயங்கிப் பின் கிண்டிக்குப் போன அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூன்றாவது வழி. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் பார்க்க வேண்டியது ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட்டவர் பள்ளியா, ஏஜென்சியா என்பதையும், வேலை முறிந்தால் திரும்பும் டிக்கெட் யார் செலவு என்பதையும்தான். கட்டணம் குறைவு, நாடு நல்லது என்பவை அதற்குப் பின்னே.

ஜயவர்த்தனவின் வகைப்பாட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொள்கைக்கு ஒரு நிரல் இருப்பதுபோல் அழைத்தவர், அமர்த்தியவர், பொறுப்பேற்றவர் என மூன்று நிரல்களைச் சேர்த்து அதே பெயர்களை மீண்டும் நிரப்பிப் பார்க்க வேண்டும். உட்வர்டும் ஃபாரும் முழுதாக நிரம்புவார்கள். பிக்கெட்டின் வரியில் மூன்றாம் கட்டம் வெறுமையாக நிற்கும். ஹிக்கின்ஸின் வரியில் அந்தக் கட்டத்தில் இறுதியில் அவர் பெயரையே எழுத வேண்டியிருக்கும். தொண்டின் வரலாறாக மட்டும் இதைப் படித்துவந்ததால்தான் அந்த வெறுங்கட்டம் நம் கண்ணில் படவில்லை; சட்டம் எழுதியோர் கண்ணிலும் பட்டிருக்க வாய்ப்பில்லை.