முக்கால் புரொசஸர்

கடைக்கோ சங்கத்துக்கோ சேர்வர் வாங்க யோசிப்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு.

டேட்டாபேஸ் மென்பொருளுக்கு முன்பு பெரும்பாலும் பாவிப்பவர்களின் தலையை எண்ணித்தான் காசு வாங்கினார்கள். இணையம் வந்ததும் தலையை எண்ண முடியவில்லை. அதனால் கணினிக்குள் இருக்கும் புரொசஸரை எண்ணினார்கள். 2001இல் ஒராக்கிளின் உயர்தரப் பதிப்புக்குப் பட்டியல் விலை புரொசஸருக்கு 40,000 டொலர்.

பிறகு ஒரே சிப்புக்குள் இரண்டு கோர் வந்தது. இது ஒன்றா, இரண்டா? 2004இல் மைக்ரோசொஃப்ட் ஒன்றுதான் என்றது. ஒராக்கிள் இரண்டு என்றது. 2005இல் சற்று இறங்கி, ஒரு கோரை முக்கால் புரொசஸராக்கியது. முக்கால் புரொசஸரை யார் கண்டார்கள்!

கோர்கள் பெருகின. எஸ்கியூஎல் சேர்வர் 2012உடன் மைக்ரோசொஃப்டும் கோரை எண்ணத் தொடங்கியது. அதிலும் புரொசஸருக்கு ஆகக் குறைந்தது 4 கோர் கணக்கு. உள்ளே இரண்டே கோர் இருந்தாலும் நாலுக்குக் கட்ட வேண்டும்.