தருநர் எண்ணிக்கை: கன்னெல் குறுஞ்செய்தி நுழைவாயிலில் இழையும் செயல்முறையும்

கன்னெல் குறுஞ்செய்தி நுழைவாயிலின் நடு நிரலான பேரர்பாக்ஸில் 'ஃப்ளோ திரெட்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நிரல் எழுந்தது முதல் ஓய்வது வரை அதற்குள் எந்தச் செய்தியும் போடப்படுவதில்லை. ஆனாலும் மூல இழை தன் கடைசிக் காத்திருப்பை அந்தப் பட்டியலின் முன்தான் கழிக்கிறது. காலியாகவே இருக்கப்போகும் ஒரு பட்டியலிலிருந்து எதையோ எடுக்க முயன்று, வெறுங்கையோடு திரும்பிய பிறகே அது நிரலை மூடுகிறது. இந்த வெற்றுப் பட்டியலை உரிய கவனத்தோடு படித்தால், கன்னெலில் இழைகள் எதற்கு, செயல்முறைகள் எதற்கு என்ற கேள்விகளுக்கு இதுவரை சொல்லப்பட்டுவரும் விடை நிற்காது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்த விடை எளிமையானது. இழை இலகுவானது, செயல்முறை கனமானது. ஆகவே ஒரே இயந்திரத்துக்குள் வேகம் வேண்டுமென்றால் இழைகள், இயந்திரம் போதாமல் போனால் செயல்முறைகள். பேரர்பாக்ஸ், எஸ்எம்எஸ்பாக்ஸ், வாப்பாக்ஸ் என்று தனிச் செயல்முறைகளான மூன்று பெட்டிகளாகப் பிரித்திருப்பதும் இந்தப் பார்வையில் சுமைப் பகிர்வுக்கான ஏற்பாடாகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் இழைகள், வரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் கூலிப்படையாகிவிடுகின்றன.

இந்த வாசிப்பு வேரூன்றியதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ஹெல்சிங்கியின் வாப்பிட் நிறுவனத்தில் லார்ஸ் விர்சேனியஸ் முதலியோர் 1999இல் இந்த நிரலை எழுதத் தொடங்கியபோது லினக்ஸில் புழங்கியது லினக்ஸ்திரெட்ஸ் நூலகம். அதில் ஒவ்வோர் இழைக்கும் தனிச் செயல்முறை எண் கிடைக்கும்; இழைகளை மேற்பார்க்கும் மேலாளர் இழை ஒன்றும் கூடவே பிறக்கும். எனவே 'பிஎஸ்' கட்டளையின் பட்டியலில் பேரர்பாக்ஸ் ஒரு வரியாக இல்லாமல் பல வரிகளாகத் தெரிந்தது. அப்பாச்சி வலைச்சேவகம் முன்கூட்டியே பிள்ளைச் செயல்முறைகளை ஈன்று வைத்துக்கொள்ளும் முறைக்குப் பழகிய கண்கள், இதையும் அப்படியே படித்தன. 2003 வாக்கில் புதிய இழை நூலகம் வந்ததும் வரிகள் ஒன்றாகிவிட்டன. வாசிப்பு மட்டும் மாறவில்லை. அந்த வரிகள் சமமான பிள்ளைகள் அல்ல என்பதற்கு நிரலுக்குள்ளேயே சான்று இருந்தது. குறுக்கீட்டுச் சைகை, நிறுத்தச் சைகை போன்றவற்றைக் கன்னெலின் இழை நூலகம் மூல இழை தவிர மற்ற எல்லா இழைகளிலும் தடுத்துவைக்கிறது. ஏதோ ஒரு வரியின் எண்ணைப் பார்த்து நிறுத்தச் சைகை அனுப்பியவருக்கு எதுவும் நடக்காததன் காரணம் இதுதான்.

இனிப் பட்டியலுக்கு வருவோம். கன்னெலின் பட்டியல் வகை உறுப்புகளை மட்டும் வைத்திருப்பதில்லை. தனக்குப் பொருள் தரக் கடமைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணையும் வைத்திருக்கிறது. அவர்களை இங்கே தருநர் என்கிறேன். ஓர் இழை பட்டியலிலிருந்து எடுக்க வந்தால் மூன்று நிலைகள் சாத்தியம். உறுப்பு இருந்தால் உடனே கிடைக்கும். உறுப்பு இல்லை, ஆனால் தருநர் ஒருவராவது இருக்கிறார் என்றால் எடுக்க வந்தவர் உறங்கிக் காத்திருப்பார். உறுப்பும் இல்லை, தருநரும் இல்லை என்றால் உடனே வெறுமை திரும்பும். வழக்கமான வரிசை ஒன்றை எழுதுகிறவர்கள் முதல் நிலைக்காக எழுதுவார்கள். பழைய வாசிப்பும் அதை மட்டுமே பார்த்தது. என் கருத்தில் இந்த வடிவமைப்பின் உயிர் மூன்றாம் நிலையில் இருக்கிறது.

பேரர்பாக்ஸில் செய்தி ஓட்டத்தில் பங்கேற்கும் ஒவ்வோர் இழையும் பிறந்தவுடன் ஃப்ளோ திரெட்ஸ் பட்டியலில் தன்னைத் தருநராகப் பதிகிறது. தன் வேலை தீர்ந்தபோது பதிவை நீக்கிக்கொள்கிறது. நடுவில் அது எதையும் தருவதே இல்லை. பணிக்கு வந்தவர்கள் கையெழுத்திட்டு, போகும்போது மீண்டும் கையெழுத்திட்டுச் செல்லும் வருகைப் பதிவேடு போன்றது இது. கடைசி ஆள் போகும்வரை காவலர் கதவைப் பூட்டமாட்டார். மூல இழையின் முதன்மைச் சுழற்சியே இந்தப் பதிவு எண்ணைப் பார்த்துத்தான் ஓடுகிறது. எண் சுழியமானால் ஓட்டத்தில் யாரும் இல்லை என்று பொருள்.

இதே உத்தி 'சஸ்பெண்டட்' என்ற இன்னொரு பட்டியலில் தலைகீழாக வருகிறது. வெளிச்செல்லும் செய்திகளைக் குறுஞ்செய்தி மையங்களுக்கு வழிப்படுத்தும் இழை, ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க முயல்கிறது. சாதாரண நேரத்தில் அதற்குத் தருநர் இல்லை. ஆகவே முயற்சி கணத்தில் திரும்பிவிடும், இழை மேலே செல்லும். நிர்வாகி இடைநிறுத்தக் கட்டளை கொடுத்தால் நிரல் அதில் ஒரு தருநரைச் சேர்க்கிறது. அடுத்த சுற்றில் அந்த இழை அங்கேயே நின்றுவிடும். மீட்புக் கட்டளையில் தருநர் நீக்கப்பட, நின்றவர்கள் எல்லோரும் எழுந்து நடப்பார்கள். உள்வரவை மட்டும் தடுக்கும் 'ஐசொலேட்டட்' பட்டியலும் இவ்வழியே. இரண்டிலும் கடைசிவரை ஓர் உறுப்புகூட இருக்காது.

இதைச் சோம்பலில் பிறந்த குறுக்குவழி என்று ஒதுக்குவது வழக்கம். அந்த மறுப்பு நீண்ட பதிலுக்கு உரியதல்ல. நிபந்தனை மாறிகளும் பூட்டுகளும் கையில் இருந்த நிரலாளர்கள், வாயில், பதிவேடு, சரக்கு வரிசை ஆகிய மூன்றுக்கும் ஒரே பொருளை நம்பினார்கள்; அதுவும் நிரல் முழுக்க ஒரே சீராக. அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பது என் கேள்வியல்ல. எழுதியதில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. எழுதியதில் இழை என்பது கணிக்கும் கை அல்ல. ஒரு கடமையை ஏற்றுப் பதிந்த ஆள்.

இப்படிப் படித்தால் இழைகளின் தொகை ஏன் அவ்வளவு குறைவு என்பதும் விளங்கும். எஸ்எம்பிபி நெறிமுறையில் ஒரு மையத்தோடு அனுப்பும் இணைப்பும் பெறும் இணைப்பும் தனித்தனி என்றால் இரண்டு இழைகள். இருவழி இணைப்பானால் ஒன்றே. அந்த ஒற்றை இழை எழுதுகிறது, படிக்கிறது, இணைப்பு உயிரோடிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்கிறது. பதில் வராமல் நிலுவையில் நிற்கக்கூடிய சமர்ப்பிப்புகளின் இயல்பமைவு 10. மையம் பதிலளிக்க 200 மில்லிநொடி எடுத்தால் அந்த இணைப்பில் நொடிக்கு 50 செய்திகளுக்கு மேல் போகாது. இழைகளைப் பத்து மடங்காக்கினாலும் இந்த 50 என்பது 51 ஆகாது; மாற வேண்டியது அந்த நிலுவைச் சாளரத்தின் அளவோ இணைப்புகளின் எண்ணிக்கையோதான். எஸ்எம்எஸ்பாக்ஸிலும் இதே கதை. உள்வரும் செய்திகளை எடுத்துச் சேவை முகவரிகளைக் கேட்பது ஓர் இழை, திரும்பி வரும் எச்டிடிபி பதில்களைக் கையாள்வது இன்னோர் இழை. ஒரே நேரத்தில் 512 கோரிக்கைகள் வரை நிலுவையில் இருக்கலாம் என்பது இயல்பமைவு. 512 கோரிக்கைகளுக்கு 512 இழைகள் இல்லை. பயன்பாட்டுச் சேவகம் மெதுவாக இருந்தால் காத்திருப்பது கோரிக்கையே தவிர இழை அல்ல.

மேலும், கன்னெலின் இழை சொல்லப்படுகிற அளவுக்கு இலகுவும் அல்ல. ஒவ்வோர் இழையையும் உறக்கத்திலிருந்து எழுப்பத் தனிக் குழாய் ஒன்று திறக்கப்படுகிறது. அதற்கு இரண்டு கோப்பு விவரிப்பிகள் செலவாகின்றன. ஒரு பெட்டிக்குள் உயிரோடிருக்கும் இழைகளுக்கு 1024 என்ற உச்சவரம்பும் நிரலில் எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் இழைகளை இறைக்க நினைத்த வடிவமைப்பு இப்படி இருக்காது.

செயல்முறைப் பிரிவுக்கு வந்தால், எதிர்த்தரப்பின் வலுவான சான்று பயனர் கையேட்டின் ஒரு பத்தி. எஸ்எம்எஸ்பாக்ஸையும் வாப்பாக்ஸையும் எத்தனை வேண்டுமானாலும் ஓட்டலாம், சுமை மிகும்போது அது உதவும் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பத்தி, பேரர்பாக்ஸ் ஒன்று மட்டுமே இருக்க முடியும் என்றும், குறுஞ்செய்தி மையம் ஒரே வாடிக்கையாளரோடுதான் இணையும் என்பது போன்ற காரணங்களால் பல பேரர்பாக்ஸ்கள் சிக்கலானவை என்றும் சொல்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். சுமைதான் கோடு கிழித்தது என்றால், எல்லாச் செய்தியும் கடந்தாக வேண்டிய பேரர்பாக்ஸ் அல்லவா முதலில் பெருக்கத்தக்கதாக இருந்திருக்க வேண்டும்? பெருக்க முடியாத ஒன்றை ஒரு பக்கமும், பெருக்கவும் இழக்கவும் கூடிய ஒன்றை மறுபக்கமும் வைத்துத்தான் கோடு போடப்பட்டிருக்கிறது. மையத்தோடுள்ள இணைப்பு அரிய பொருள். அதைக் கையில் வைத்திருக்கும் நிரல், கண்ட முகவரிகளிலிருந்து வரும் கண்ட உரையை அலசிக்கொண்டிருக்கக் கூடாது.

இழைகளுக்கிடையே இந்தக் கோட்டைப் போட முடியாது. கன்னெலில் ஓர் இழை தன் உள் நிபந்தனை மீறப்பட்டதைக் கண்டால் அந்த இழை மட்டும் சாவதில்லை. முழுச் செயல்முறையும் விழுகிறது. நினைவகத்தைப் பகிர்கிறவர்களிடையே வேறு வழியும் இல்லை. பெட்டிகளுக்கிடையே நிலைமை வேறு. எஸ்எம்எஸ்பாக்ஸுக்கு அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் ஒப்புகை வரும்வரை பேரர்பாக்ஸ் தன் கணக்கில் வைத்திருக்கிறது. அந்த எஸ்எம்எஸ்பாக்ஸ் அறுந்து விழுந்தால், ஒப்புகை வராதவற்றை மீண்டும் உள்வரவு வரிசையில் இட்டு வேறொரு பெட்டிக்குத் தருகிறது.

எதிர்த்திசையிலும் இதே நெறி. ஒரு பயன்பாடு எச்டிடிபி வழியாகச் செய்தி அனுப்பக் கேட்டால், பேரர்பாக்ஸ் ஏற்றுக்கொண்டது என்று தெரிந்த பிறகே எஸ்எம்எஸ்பாக்ஸ் பதில் சொல்கிறது. உடனே பதில் சொல்லவைக்கும் ஓர் அமைவும் உண்டு. ஆனால் கையேடு அதைப் பழைய நடத்தைக்காக வைத்திருக்கும் கொடியாகவே விவரிக்கிறது, இயல்பாக அது அணைந்தே இருக்கும். வேகமே குறிக்கோள் என்றால் அந்தக் கொடி அல்லவா இயல்பாக உயர்ந்திருக்கும்? இந்த ஒரு சிறு அமைவு, முப்பிரிவு பற்றி எழுதப்பட்ட பொதுக் கூற்றுகள் பலவற்றைவிடக் கனமான சான்று என்று நான் நம்புகிறேன்.

ஓர் எச்சரிக்கை தேவை. பேரர்பாக்ஸின் பட்டியல்கள் நினைவகத்தில் இருப்பவை. சேமிப்புக் கோப்பு அமைக்கப்படாத நிறுவலில் அது விழுந்தால் வரிசையில் இருந்த செய்திகளும் போய்விடும். பொறுப்பு பேரர்பாக்ஸில் குவிகிறது என்ற என் வாதம் அத்தகைய நிறுவல்களில் வடிவத்தை மட்டுமே விவரிக்கும், உறுதியை அல்ல. நிகழ்வுச் சுழற்சியில் இயங்கும் ஒற்றைச் செயல்முறையாக இதை இன்று எழுதலாமே என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. அது வேறொரு நிரலைப் பற்றிய கேள்வி.

எளிதில் தீராதது இரட்டிப்புச் சிக்கல்தான். எஸ்எம்எஸ்பாக்ஸ் சேவை முகவரியைக் கேட்டு முடித்து, ஒப்புகை அனுப்புமுன் விழுந்தால், திரும்ப வரிசைக்கு வந்த செய்தி இன்னொரு பெட்டி வழியாக அதே முகவரியை மீண்டும் கேட்கும். ஒரு முறை பணம் பிடிக்க வேண்டிய சேவை இரண்டு முறை பிடிக்கலாம். கோட்டின் இரு பக்கமும் எண்ணிக்கையைச் சரியாக வைத்திருந்தும் இது நேர்கிறது, ஏனெனில் பயன்பாட்டுச் சேவகம் அந்தத் தருநர் கணக்குக்குள் வரவே இல்லை. செய்தியோடு செல்லும் தனித்த அடையாள எண்ணைப் பயன்பாடு தன் பக்கம் பதிந்து ஒப்பிட்டுக்கொண்டால்தான் அந்தக் கேட்பு இரண்டாம் முறை என்பது தெரியவரும்.