நினைவை விடுத்த சேவையகம்: சின் வெள்ளத் தாக்குதலும் டிசிபி காத்திருப்பு வரிசையின் வரலாறும் (1981–2019)

ஆய்வுச்சுருக்கம்

சேவையகங்களை முடக்கும் சின் வெள்ளத் தாக்குதலுக்கு எதிராக எழுந்த தீர்வுகளை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது. வரிசையைப் பெரிதாக்கும் சீரமைப்புகள் தாக்குதலின் அளவோடு போட்டியிட்டன. சேவையகத்தின் நினைவுச் சுமையை அகற்றிய முறையே தாக்குதலின் அடிப்படையை மாற்றியது என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: டிசிபி, சின் வெள்ளம், காத்திருப்பு வரிசை, சின் குக்கி, லினக்ஸ் கெர்னல்.

முன்னுரை

டிசிபி நெறிமுறை 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்னும் ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. அதன்படி இணைப்பு மூன்று படிகளில் அமைகிறது. பயனர் கணினி ‘சின்’ என்னும் பொதியை அனுப்பும். சேவையகம் ‘சின்-ஆக்’ என மறுமொழி தரும். பயனர் கணினி ‘ஆக்’ அனுப்பியதும் இணைப்பு முழுமை பெறும். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில் சேவையகம் அவ்விணைப்பைப் பற்றிய குறிப்பை ஒரு வரிசையில் வைத்துக் காத்திருக்க வேண்டும். சின் அனுப்பியவர் மூன்றாம் படியையும் நிறைவு செய்வார் என்ற நம்பிக்கையே இவ்வமைப்பின் அடித்தளம்.

வரிசையின் குறுமை

1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி இயங்குதளத்தில் இவ்வரிசைக்கு நிரலர் கேட்கக்கூடிய உச்ச அளவு 5 மட்டுமே. பிஎஸ்டி மரபில் பாதி நிலையிலுள்ள இணைப்பு 75 நொடிகள் காக்கப்பட்டது. எனவே பொய்யான அனுப்புநர் முகவரியுடன் ஒரு சில பொதிகளை 75 நொடிக்கு ஒருமுறை அனுப்பினாலே வரிசை நிரம்பிவிடும். உண்மையான பயனருக்கு இடமிராது. தாக்குபவருக்குப் பெரிய கணினியோ வேகமான இணைப்போ தேவைப்படவில்லை.

அறிந்தும் பேசாத ஈராண்டுகள்

பில் செஸ்விக், ஸ்டீவ் பெல்லோவின் ஆகியோர் இக்குறையை 1994ஆம் ஆண்டளவிலேயே கண்டறிந்தனர். ஃபயர்வால் பற்றிய தம் நூலில் இதைக் குறித்து ஒரு பத்தி எழுதிப் பின்னர் நீக்கினர் என்று 2007இல் வெளியான ஆர்எஃப்சி 4987 பதிவு செய்கிறது. அடுத்த ஈராண்டுகளில் மாற்று வழி எதுவும் உருவாகவில்லை. 1996இல் ‘ஃபிராக்’ மின்னிதழ் தாக்குதலின் விளக்கத்தையும் கருவியையும் வெளியிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் இணையச் சேவை நிறுவனமான பானிக்ஸ் பல நாள்கள் தாக்கப்பட்டது. செப்டம்பர் 19 அன்று செர்ட் அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. அன்றைய ஐபி தொழில்நுட்பத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட தீர்வு இல்லை என்பதையும் அதில் ஒப்புக்கொண்டது. மௌனம் தாக்குபவரைத் தடுக்கவில்லை. காப்பவர்களின் ஆயத்தத்தையே தாமதப்படுத்தியது.

சீரமைப்பின் எல்லை

முதலில் கையாளப்பட்டவை இரு வழிகள்: வரிசையை நீட்டுதல், காத்திருப்பைக் குறைத்தல். லினக்ஸில் சின்-ஆக் இயல்பாக 5 முறை மீண்டும் அனுப்பப்படுகிறது. முதல் காத்திருப்பு 1 நொடியாகவும் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகவும் இருப்பதால் ஒரு குறிப்பு 63 நொடிகள் வரிசையில் தங்கும். வரிசை 4096 இடங்கள் கொண்டதானாலும் நொடிக்கு ஏறத்தாழ 65 பொதிகள் அதை நிரப்பப் போதும். மறு அனுப்புதலை 2 ஆகக் குறைத்தால் காத்திருப்பு 7 நொடிகளாகும். நிரப்பத் தேவைப்படுவது நொடிக்கு 585 பொதிகள். இது ஒன்பது மடங்கு முன்னேற்றம். ஆயினும் 100 மெகாபிட் ஈதர்நெட் இணைப்பு ஒன்றே நொடிக்கு ஏறத்தாழ 1,48,800 சிறு பொதிகளைச் சுமக்கவல்லது. சீரமைப்பு தாக்குதலின் விலையை உயர்த்தியதேயன்றி அதன் வழியை அடைக்கவில்லை.

சின் குக்கி

1996 செப்டம்பரில் டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன், எரிக் ஷெங்க் ஆகியோர் வேறொரு வழியை முன்வைத்தனர். சேவையகம் எதையும் குறித்து வைக்காது. தான் அனுப்பும் 32 பிட் தொடக்க வரிசை எண்ணுக்குள்ளேயே தேவையானதை அடக்கிவிடும். பெர்ன்ஸ்டைனின் வடிவில் 5 பிட் காலக் கணக்கையும், 3 பிட் பொதித் துண்டின் உச்ச அளவையும், 24 பிட் இரகசியத் திறவுகோலால் கணித்த முத்திரையையும் தாங்கின. உண்மையான பயனர் கணினி அவ்வெண்ணுடன் 1 கூட்டித் திருப்பி அனுப்பும்போது சேவையகம் முத்திரையைச் சரிபார்த்து இணைப்பை மீட்டெடுக்கும். நினைவுச் சுமை கேட்பவரிடம் மாறியது. பொய் முகவரியில் ஒளிந்தவருக்கு அச்சான்று சென்று சேர்வதில்லை. ஷெங்கின் லினக்ஸ் செயலாக்கம் 1997 பிப்ரவரியில் வெளிவந்தது.

இதற்கும் விலை உண்டு. 3 பிட்டில் எட்டு அளவுகளை மட்டுமே குறிக்க இயலும். சாளர விரிவாக்கம் போன்ற விருப்பக் கூறுகளுக்கு இடமில்லை. இவற்றை நேரமுத்திரையில் பொதிந்து காக்கும் வசதி 2008இல் லினக்ஸ் 2.6.26 பதிப்பில் சேர்ந்தது. குக்கி இறுதிப் புகலிடமே. முறையான பயனர்களின் மிகுதியைச் சமாளிக்க அதைப் பயன்படுத்தலாகாது என லினக்ஸ் ஆவணம் வலியுறுத்துகிறது. அத்தகைய மிகுதிக்கு வரிசைச் சீரமைப்பே உரிய மருந்து. 2016 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 4.4, பாதி இணைப்புகளைக் கையாள்வதில் ஒற்றைப் பூட்டு ஏற்படுத்திய நெரிசலை நீக்கியது, 2019இல் 5.4 பதிப்பு, ஏற்புக்குக் காத்திருக்கும் முழு இணைப்புகளுக்கான இயல்பு உச்ச வரம்பை 128இலிருந்து 4096 ஆக உயர்த்தியது.

முடிவுரை

1981இன் நெறிமுறை, சின் அனுப்பிய எவரையும் நம்பித் தன் நினைவைச் செலவிட்டது. அந்நம்பிக்கையின் விலையை முதலில் செலுத்தியவர் சேவையகத்தை நடத்தியவரே. வரிசையை நீட்டியோர் அவ்விலையைத் தாமே கூடுதலாக ஏற்றனர்; குக்கியை வகுத்தோர் சான்று காட்டும் பொறுப்பைக் கேட்பவரிடம் ஒப்படைத்தனர். பயனர் மிகுதியையும் பகைவரின் வெள்ளத்தையும் பிரித்தறிந்து, முன்னதற்கு இடத்தை விரித்தும் பின்னதற்கு நினைவை விடுத்தும் இயங்குவதே இந்நாற்பதாண்டு வரலாறு காட்டும் நெறியாகும்.