வெளிறிய நெல்: வன்னியில் பசளையின் கதை

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920ஐ ஒட்டி நிறைவெய்திய பின்னர், நிலம் போதாமல் நெருக்குண்ட யாழ்ப்பாணக் குடும்பங்கள் 1930களில் கிளிநொச்சிக் காட்டை வெட்டிக் குடியேறியபோது, மண்ணின் பசியைத் தீர்க்க அவர்கள் அறிந்திருந்த சம்பிரதாய வழிகள் பெரும்பாலும் இரண்டே: காவிளாய், பூவரசு முதலிய குழைகளை மண்ணில் தாழ்ப்பதும், அறுவடை முடிந்த வயலில் மாட்டுப் பட்டி அடைப்பதும். காடு வெட்டிய புதுமண் சில போகங்களுக்குத் தானே வாரி வழங்கியிருக்குமாதலால், நெல்லின் நிறத்தைக் கூர்ந்து நோக்கும் அவசியம் அக்காலத்தில் அதிகம் நேரவில்லை என்றே கருதுகிறேன்.

அந்த அவசியத்தை உண்டாக்கியது புதுநெல். 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடையில் உருவான எச்-4 இனமும் அதன் வழிவந்த இனங்களும் பசளை உண்டு விளையும் இயல்பின. 1962இல் அரசாங்கம் பசளை மானியத்தைத் தொடங்கியதும், மூடையோடு மூடையாக அடிக்கட்டு, மேற்கட்டு என்ற சொற்களும், இலையைப் பார்த்துக் குறையறியும் வழக்கமும் வயல் வரம்புக்கு வந்து சேர்ந்தன. நைதரசன் குறைந்த நெல், முதிய இலையிலிருந்து அந்தச் சத்தை உருவி இளங்குருத்துக்கு அனுப்பிவிடுவதால், மஞ்சள் அடியிலையின் நுனியில் தோன்றி நடுநரம்பு வழியே கீழிறங்கும். கந்தகமோ அவ்வாறு எளிதில் இடம்பெயராமையால், அது குறைந்தவிடத்துக் குருத்தே முதலில் வெளிறும். அடியிலையில் துருநிறப் புள்ளிகள் பரவும் நாகக் குறைவு, 1966இல் இந்தியாவின் பந்த்நகரில் நேனே என்ற ஆய்வாளர் அதன் காரணத்தைக் கண்டறியும்வரை, நோய் என்றே எண்ணப்பட்டு வந்தது. வெளிறலைக் கண்ட மாத்திரத்தில் யூரியாவை அள்ளி வீசுவோரின் வயலில், கருமை பாய்ந்த அப்பச்சைக்கு அறக்கொட்டியான் பூச்சி வந்து குடியேறுவதும் உண்டு.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டதும், வெடிபொருள் செய்ய உதவும் என்ற காரணத்தால், யூரியா வவுனியாவுக்கு வடக்கே செல்வது தடுக்கப்பட்டது. 50 கிலோ மூடையொன்றில், 46 வீதமாக, 23 கிலோ நைதரசன் உண்டு. அதற்கு ஈடுசெய்ய ஏறத்தாழ நான்கைந்து தொன் மாட்டெரு வேண்டும். டீசலும் அதே தடைப்பட்டியலில் இருக்கையில், அவ்வளவையும் வயலுக்கு ஏற்றுவதெங்ஙனம்? நெல்லுக்கு என்ன குறை என்பதைக் கமக்காரன் கண்ணாலேயே அறிந்திருந்தான். அதைத் தீர்க்கும் பொருள் மட்டும் சோதனைச் சாவடிக்கு அப்பால் கிடந்தது.

2002இல் யுத்தநிறுத்தத்தோடு பெரும்பாலான தடைகள் தளர்ந்தன. பின்னர், 2021 மே மாதத்தில், சேதனப் பசளையே இனிப் போதும் என்ற கொள்கையோடு, இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதற்கும் நிறுத்தப்பட்டது. முன்னைய தடைக்கு யுத்தம் என்ற நியாயமாவது சொல்லப்பட்டது, இதற்கு அதுவுமில்லை. இம்முறை வன்னியின் மஞ்சள் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் தெரிந்தது. நவம்பர் இறுதியில் தடை நீக்கப்பட்டபோது காலபோக விதைப்புப் பெரும்பாலும் முடிந்திருந்தது. யூரியாவின் உலகச் சந்தை விலையும் அதற்குள் ஏறிவிட்டது. 2022 ஜனவரியில் நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு வழங்குவதாக அரசாங்கமே அறிவித்தது.