பாலத்தின் மேல் ஒரு சாக்ஸபோன்

கைதட்டல் உச்சத்தில் இருக்கும்போதே மேடையை விட்டு இறங்கிப்போன ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சன்னி ரோலின்ஸ் 1930-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். 1955-இல் லெக்சிங்டன் மருத்துவமனையில் தானே போய்ச் சேர்ந்து ஹெராயின் பழக்கத்தை விட்டார். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஊரைவிட்டு விலகி நின்று தன்னைச் சரிசெய்துகொள்ள அவர் அங்கேயே பழகிவிட்டார் என்பது என் எண்ணம்.

1957-இல் பியானோவே வேண்டாமென்று, பேஸும் டிரம்ஸும் மட்டும் துணைக்கு வைத்து வாசித்தார். பியானோ இருந்தால் அடுத்து எங்கே போகலாம் என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். அது இல்லையென்றால் எங்கும் போகலாம். வழி தவறினால் தாங்கிப் பிடிக்கத்தான் ஆளில்லை. வயலின் துணையில்லாமல் ராகம் பாடுவது போல என்றால் நமக்கு ஓரளவு புரியும்.

1959-இல் கச்சேரிகளை நிறுத்தினார். பத்திரிகைகள் புகழ்ந்த அளவுக்குத் தன் வாசிப்பு இல்லை என்று அவருக்கே தோன்றியது. வீட்டில் பயிற்சி செய்யலாமென்றால் பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி. அவருக்குத் தொந்தரவு வேண்டாமென்று வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போனார். கீழே ஈஸ்ட் ஆறும் படகுகளும், பக்கத்தில் ரயில். அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமானால் அடிவயிற்றிலிருந்து ஊத வேண்டும். பனியிலும் வெயிலிலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், சில நாட்களில் 15 மணி நேரம்கூட.

1961-இல் திரும்பினார். 1962-இல் 'தி பிரிட்ஜ்' வெளிவந்தபோது, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்ட விமர்சகர்களும் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி அவசரமாகப் படுகிறது. அதே ஆண்டில் டான் செர்ரியோடு சேர்ந்து, பழகிய கட்டுக்கோப்புகளை அவிழ்த்துவிட்டு வாசித்தார். பிறகு மறுபடியும் மேடையை விட்டு, மும்பை பவாயில் ஓர் ஆசிரமத்தில் தங்கினார். 1985-இல் துணை வாத்தியம் எதுவுமின்றித் தனியாகவே ஒரு கச்சேரி.

2001 செப்டம்பர் 11 அன்று அவர் வீடு உலக வர்த்தக மையத்துக்கு அருகில். சாக்ஸபோனோடு வெளியேறியவர், நான்காம் நாள் பாஸ்டனில் வாசித்தார். வயது 71.

கடைசியில் நிறுத்தியது நுரையீரல். தழும்பேறி விறைத்துப்போகும் நோய் அது. செவிலியாக அந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன்; ஒரு வாக்கியம் முடிக்கவே இரண்டு முறை மூச்சு வாங்குவார்கள். 2012-க்குப் பிறகு அவர் கச்சேரி செய்யவில்லை. அவருடைய பயிற்சிக் குறிப்பேடுகள் இப்போது ஹார்லெமின் ஷோம்பர்க் மையத்தில் இருக்கின்றன. விரல் வைக்கும் முறைகளை ஒரு மாணவனைப் போலத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.