திருத்தணிச் சிறுவனும் மூன்று மிஷன் பள்ளிகளும்

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டினாற்போல் அமைந்த ஊர் அம்மையார்குப்பம். நெசவாளர்களின் ஊர். தெருவில் நுழைந்ததும் முதலில் காதில் விழுவது தறியோசைதான். சில ஆண்டுகளுக்கு முன் துணி விஷயமாக அங்கே சென்றிருந்தபோது, முதிய நெசவாளர் ஒருவருடன் திண்ணையில் அமர்ந்து பேசும் வாய்ப்புக் கிட்டியது. பிள்ளைகள் தொழிலை விட்டுப் போனதையும், கூலி கட்டுபடியாகாததையும் சொல்லிக்கொண்டே வந்தவர், "எல்லாம் தலையெழுத்து, பாய்" என்று பெருமூச்சு விட்டார். சற்றுப் பொறுத்து அவரே, "பாவு முதலாளி கொடுக்கிறது. ஊடை ஓட்டுறது நம்ம கைதானே? நெசவிலே பிசகு வந்தா முதலாளியையா கேக்க முடியும்?" என்று சொல்லிச் சிரித்தார்.

முன்னே சொன்னதும் பின்னே சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது அவருக்குத் தெரியாமலில்லை. மனிதன் செய்வது அவன் செயலா, அவனுக்கென்று எழுதப்பட்டதா? அவன் கரையேறுவது தன் முயற்சியாலா, இறைவனின் அருளாலா? இந்த வழக்கைக் கிறிஸ்தவ உலகம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வந்திருக்கிறது. அந்த வழக்கின் மூன்று கிளைகள் அம்மையார்குப்பத்தின் அண்டையிலேயே பள்ளி நடத்தின என்பதும், அம்மூன்றிலும் ஒரே சிறுவன் பயின்றான் என்பதும் நம்மில் பலர் எண்ணிப் பாராத செய்தி.

அச்சிறுவன் 1888-இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். பின்னாளில் இந்தியக் குடியரசின் தலைவரானவர். 1896 முதல் 1900 வரை திருப்பதியில், ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றார். 1900 முதல் 1904 வரை வேலூரில், அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய ஊரீசு கல்லூரியில். அதன்பின் 1908 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில். அக்கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. நம் மண்ணடிக்குக் கூப்பிடு தூரத்தில், உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. அதை நடத்தியவர்கள் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன்கள்.

வெளியிலிருந்து பார்ப்போருக்கு மூன்றும் பாதிரிப் பள்ளிகள். உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய வழக்குக் கட்டு இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் வட ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும்.

இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஹிப்போ நகரின் பிஷப்பாக இருந்தவர் அகஸ்டின் (354–430). ஆதமின் பாவம் அவர் வழித்தோன்றல் அனைவரையும் பற்றிக்கொண்டது; பிறந்த குழந்தையும் அதற்கு விலக்கல்ல; ஆதலால் நன்மையை விரும்புவதற்குக்கூட மனிதனுக்கு இறைவனின் கிருபை முந்திவர வேண்டும் என்பது அவர் கொள்கை. பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி பெலேஜியஸ் இதைக் கேட்டுப் பதறினார். எல்லாவற்றையும் கிருபையின் தலையில் கட்டிவிட்டால் ஒழுக்கத்துக்கு யார் பொறுப்பு? இயலாததை இறைவன் கட்டளையிடுவானா? கேள்வி நியாயமானதுதான். எனினும் 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலேஜியஸின் கொள்கையைத் தள்ளிவிட்டது. ஆனால் கொள்கையைத் தள்ளியதால் கேள்வி ஓயவில்லை.

அது மறுபடி கொழுந்துவிட்டது லூத்தர் காலத்தில். 1524-இல் ஹாலந்து அறிஞர் எராஸ்மஸ் மனித விருப்பத்தின் சுதந்திரத்தை ஆதரித்து ஒரு நூல் எழுதினார். இரட்சிப்பு விஷயத்தில் மனித விருப்பம் கட்டுண்டு கிடக்கும் அடிமையே என்று லூத்தர் அடுத்த ஆண்டே மறுப்பு எழுதினார். திருப்பதிப் பள்ளியை நடத்தியவர்கள் இந்த லூத்தரின் வழிவந்தவர்கள்.

வேலூர்க்காரர்களின் கதை இன்னும் கடுமையானது. ஆற்காடு மிஷனை 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவினர். அவர்களுடைய சபை ஹாலந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களின் சீர்திருத்தச் சபை. கால்வின் மரபைச் சேர்ந்தது. அந்த ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்மினியஸ் (மறைவு 1609), கிருபையை மனிதன் ஏற்கவும் மறுக்கவும் கூடும் என்று போதித்தார். நாடு இரண்டுபட்டது. 1618 நவம்பரில் டோர்ட் நகரில் மாநாடு கூடி, மறு ஆண்டு மே வரை வாதிட்டு, அர்மினியஸின் கட்சியைக் கண்டித்தது. இரட்சிக்கப்படுவோரை இறைவன் முன்னரே தெரிந்துகொண்டான். அவர்களிடம் கண்ட நன்மைக்காக அன்று, தன் சித்தத்தால். அந்தக் கிருபையைத் தடுக்கவும் முடியாது, இழக்கவும் முடியாது. இதுவே தீர்ப்பின் சாரம்.

சமய விவாதத்தில் அரசியல் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலும் சான்றுகள் உண்டு. டோர்ட்டிலும் அப்படியே ஆயிற்று. தோற்ற கட்சியை ஆதரித்த முதுபெரும் அரசியல்வாதி ஓல்டன்பார்ன்வெல்ட் 1619 மே 13-இல் தலை துண்டிக்கப்பட்டார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். சட்ட மேதை குரோஷியஸுக்கு ஆயுள் சிறை. அவர் வாசிப்பதற்காகப் பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் சிறைக்குப் போய்வந்தன. 1621-இல் ஒருநாள் மனைவியின் யோசனைப்படி புத்தகங்களுக்குப் பதில் அவரே பெட்டிக்குள் படுத்துத் தப்பினார். தப்பியதும் முன்குறிக்கப்பட்டதா, அந்த அம்மையாரின் சாதுரியமா என்று கேட்கத் தோன்றுகிறது!

இதெல்லாம் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று ஒதுக்க வேண்டாம். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் அம்மையார்குப்பம் இருக்கிறதென்றால், வடகிழக்குக் கோடியில் நம் மரக்காயர்கள் வாழ்ந்த பழவேற்காடு இருக்கிறது. அங்கே டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-இல். டோர்ட் மாநாடு கூடியபோது அக்கோட்டைக்கு ஐந்து வயது. 1632 முதல் 1642 வரை அங்கே சபைப் போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1651-இல் வெளிவந்தது. டோர்ட்டின் கொள்கையைக் கற்ற ஒருவர், வினைக்கொள்கையைக் கற்ற ஒருவருடன் உட்கார்ந்து பேசிய முதல் இடங்களுள் ஒன்று இந்தப் பழவேற்காடு.

நம் வாசகர்களுக்கு இவ்விடத்தில் வேறொரு நினைவு வந்திருக்கும். களா-கத்ர் பற்றிய வாதம் இஸ்லாமிய உலகில் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே எழுந்தது. மனிதனே தன் செயலுக்கு ஆற்றலுடையவன் என்ற கதரிய்யாக்கள் ஒரு புறம்; அவன் காற்றில் பறக்கும் சருகே என்ற ஜபரிய்யாக்கள் மறு புறம். தங்கள் ஆட்சி இறைவிதி என்று சொல்லிக்கொள்வது உமையா அதிகாரிகளுக்கு வசதியாக இருந்தது. மறுத்துப் பேசிய மஃபத் அல்-ஜுஹனீ கொல்லப்பட்டார். பின்வந்த இமாம் அஷ்அரீ (மறைவு ஹிஜ்ரி 324), செயலைப் படைப்பவன் இறைவன், அதை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்று 'கஸ்ப்' என்னும் சொல்லால் ஒரு வழி வகுத்தார். ஆனால் இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல. ஆதம் (அலை) தவ்பாச் செய்தார், மன்னிக்கப்பட்டார் என்பது நம் நம்பிக்கை. ஜென்ம பாவம் என்பது நம்மிடம் இல்லை. ஆகவே நம்மவர் வாதம் ஆற்றலையும் பொறுப்பையும் பற்றியது. கிறிஸ்தவர்களின் வாதமோ, அவற்றுக்கும் முன்னே, பழுதாகிவிட்ட இயல்பு தன்னைத் தானே எழுப்பிக்கொள்ள முடியுமா என்பதைப் பற்றியது.

முன்குறித்தலை நம்பியவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆற்காடு மிஷனின் வரலாறு அப்படிக் காட்டவில்லை. அந்த ஸ்கடர் குடும்பத்துப் பெண் ஐடா. மிஷன் வேலையே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தவர். 1890-களின் தொடக்கத்தில், திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வருவதற்கு மூவரும் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பினார். வேலூர் மருத்துவமனை அப்படிப் பிறந்தது. தம்மை இறைவன் அழைத்தான் என்றே ஐடா கருதினார். இறந்த பெண்களுள் ஒருத்தி நம் வீட்டுப் பெண். அவள் மரணத்தை விதி என்று சொல்லி முடித்துக்கொண்டவர்களும் அன்று இருந்திருப்பார்கள்.

ஐடா திரும்பிய அதே 1900-இல்தான் பன்னிரண்டு வயது ராதாகிருஷ்ணன் வேலூருக்குப் படிக்க வந்தார்.

சென்னையில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். இவருடைய ஸ்காட்லாந்தில் பிரஸ்பிட்டேரியன் சபைகள் 1879-லும் 1892-லும் விளக்கச் சட்டங்கள் இயற்றி, முன்குறித்தல் கொள்கையின் கடுமையைத் தளர்த்தியிருந்தன. அந்தத் தளர்வில் வளர்ந்தவர் ஹாக். 1904, 1905 ஆண்டுகளில் கல்லூரி இதழில் வினையையும் மீட்பையும் ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரைகள் 1909-இல் நூலாயின. வினைக்கேற்ற கூலி என்பது ஒரு நீதிமன்றக் கணக்கு. இறைவனுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு அந்தக் கணக்குக்குள் அடங்காது. துன்பப்படுகிறவன் ஒவ்வொருவனும் தன் தண்டனையைத்தான் அனுபவிக்கிறான் என்றால், பிறர் துன்பத்தை ஏற்பதற்கு இடமேது? இவ்வாறு சென்றது அவர் வாதம். மாற்றாரை இகழாமல், அவர்கள் கொள்கையை உள்ளே சென்று புரிந்துகொண்டு வாதிட்ட பாதிரிமார் அக்காலத்தில் மிகச் சிலர். அவர்களுள் ஹாக்கை முன்வரிசையில் வைக்க வேண்டும்.

மாணவருக்கு இது உறைத்தது. கிறிஸ்தவ விமரிசகர்களின் கண்டனமே தம் சமயத்தைத் தாமே ஆராயத் தூண்டியது என்று ராதாகிருஷ்ணன் பின்னர் எழுதியிருக்கிறார். 1908-இல், வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமுண்டு என்று நிறுவி, தேர்வுக்கான ஆய்வுரையைச் சமர்ப்பித்தார். அதே ஆண்டு 'மாடர்ன் ரிவ்யூ' ஏட்டில் வினையும் சுதந்திர விருப்பமும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தம் கருத்துக்கு மாறான ஆய்வுரையை ஹாக் பாராட்டினார். இன்றைய ஆசிரியர்கள் சிலர் இதைக் கவனிக்கலாம்.

ராதாகிருஷ்ணன் தத்துவப் பாடம் எடுத்ததே ஒரு தற்செயல். உறவினர் ஒருவர் படிப்பை முடித்துத் தம் தத்துவப் புத்தகங்களை அவரிடம் கொடுத்துவிட்டார். செலவு மிச்சம் என்று அதையே எடுத்துக்கொண்டார்.

அவருடைய விடை 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் முதிர்ந்த வடிவம் பெற்றது. சீட்டாட்டத்தை உவமையாகச் சொன்னார். கைக்கு வந்த சீட்டு நாம் கேட்டதன்று. ஆடுவது நம் திறமை. சீட்டாட்டம் நமக்கு ஆகாது. அம்மையார்குப்பத்துப் பாவும் ஊடையும் அதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் எண்ணத்தில், இது ஹாக் கேட்டதில் பாதிக்கே விடை. வினை என்பது விதிவாதமன்று என்று ராதாகிருஷ்ணன் நன்றாகவே நிறுவினார். திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களின் கைக்கு அந்தச் சீட்டு ஏன் வந்தது என்பது மற்றப் பாதி. அதற்கு டோர்ட்டிலும் விடையில்லை, கார்த்தேஜிலும் இல்லை.

1947 செப்டம்பர் 27-இல் சென்னைப் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. கால்வின் மரபில் வந்த ஆற்காடு மிஷன் சபையாரும் ஸ்காட்லாந்துக்காரர்களின் சபையாரும், அர்மினியஸின் கருத்தைப் பின்பற்றிய மெதடிஸ்டுகளும் அன்று ஆங்கிலிக்கன்களுடன் ஒன்றாயினர். பைபிளும் பழைய விசுவாசப் பிரமாணங்களும் அந்த இணைப்புக்கு அடிப்படையாயின. ஓல்டன்பார்ன்வெல்ட் தலையிழந்த காலத்து டோர்ட் விதிகள் அதில் இடம்பெறவில்லை. திருத்தணிச் சிறுவன் பயின்ற மூன்று பள்ளிகளில் வேலூருக்கும் சென்னைக்கும் உரியவர்கள் இவ்வாறு ஒரே சபையாராயினர். திருப்பதிப் பள்ளிக்குரிய லூத்தரன்கள் மட்டும் அந்த இணைப்பில் சேரவில்லை.