இசபெல்: மணப்பெண்கள் சுமந்து சென்ற பெயர்

இசபெல் என்ற பெயர் காதில் விழுந்ததும் பிரான்ஸ்தான் நினைவுக்கு வரும். பெயர் அகராதிகளிலும் அது பிரெஞ்சுப் பெண்பெயர் என்றே பெரும்பாலும் இடம்பெறுகிறது. ஆனால் அதன் வேர் எபிரேயத்தில் இருக்கிறது. மோசேயின் அண்ணன் ஆரோனுடைய மனைவியின் பெயர் எலிசேபா. எபிரேய மறைநூல் கிரேக்கத்துக்குப் பெயர்ந்தபோது அது எலிசபெத் ஆனது. லூக்கா நற்செய்தியில் திருமுழுக்கு யோவானைப் பெற்றவளுக்கும் அதே பெயர். லத்தீன் வழியே ஐரோப்பா முழுவதும் பரவிய அப்பெயர், தெற்குப் பிரான்ஸின் ஆக்சிதான் மொழியிலும் ஐபீரிய மொழிகளிலும் இசபெல் என்று உருமாறியது. எலிசபெத்தும் இசபெல்லும் ஒரே பெயர் என்பதும், அதற்கு ஊர்தோறும் வேறுவேறு உரு வாய்த்ததற்குப் பெரிதும் காரணம் நாடு கடந்து மணமுடித்துப் போன பெண்கள் என்பதும் என் வாதம்.

முதலில் ஒலியைப் பார்ப்போம். எலிசபெத் எப்படி இசபெல் ஆக முடியும் என்ற ஐயம் நியாயமானது. முன்னும் உதிர்ந்திருக்கிறது, பின்னும் மாறியிருக்கிறது. ஈற்றை விளக்குவது எளிது. சொல்லின் கடைசியில் அந்த 'த்' ஒலி ஆக்சிதான், ஐபீரிய மக்களின் நாவுக்குப் பழக்கமில்லை. மிகேல், மனுவேல், தானியேல் என்று 'எல்'லில் முடியும் பெயர்களோ ஏராளம். தலையிலிருந்த 'எல்' போனதற்கு, அதைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அவர்கள் இடும் 'எல்' என்ற சுட்டாக மக்கள் எண்ணிக்கொண்டதே காரணம் என்று ஒரு விளக்கம் உண்டு. இதற்கு நல்ல இணை இருக்கிறது. அலெக்சாந்தர் என்ற பெயர் அரபுக்குப் போனபோது அதன் 'அல்' அரபு மொழியின் சுட்டாகக் கருதப்பட்டுக் கழன்றது, எஞ்சியது இஸ்கந்தர். அதுவே சிக்கந்தர் என்று தமிழ் வரை வந்திருக்கிறது. இதன் மறுதலையும் நம்மிடம் உண்டு. யாகோபு என்ற திருத்தூதரை ஸ்பானியர் 'சாந்த் இயாகோ', அதாவது புனித யாகோபு, என்றனர். அந்தப் பட்டமும் பெயரும் ஒட்டிக்கொண்டு தமிழில் சந்தியாகு ஆயின. இன்று 'புனித சந்தியாகப்பர்' என்னும்போது புனிதத்தை இருமுறை சொல்கிறோம். ஒரு மொழியில் உறுப்பாக இருப்பது மற்றொன்றில் ஒட்டாகத் தோன்றும். ஒட்டாக இருந்தது உறுப்பாகிவிடும்.

ஒலி மட்டும் சான்றாகாது. ஒரே பெண்ணை இரு பெயராலும் அழைத்தார்கள் என்று காட்ட முடிந்தால்தான் வாதம் நிற்கும். ஹங்கேரி அரசன் இரண்டாம் ஆண்டிராசின் மகள் எலிசபெத் 1231-இல் இறந்து, 1235-இல் புனிதராக அறிவிக்கப்பட்டாள். அவளுடைய மாற்றாந்தாய்க்குப் பிறந்த தங்கை வியோலாந்து அரகோன் அரசன் முதலாம் ஹைமேயை மணந்து ஸ்பெயின் பக்கம் வந்தாள். வியோலாந்தின் பேத்திக்கு அந்தப் புனிதையின் பெயரையே இட்டார்கள். பேத்தி போர்த்துகல் அரசன் தினிசுக்கு மனைவியானாள். போர்த்துகீசியர் இன்றும் அவளைப் புனித அரசி இசபெல் என்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்க நாள்காட்டியிலோ அவள் போர்த்துகல் நாட்டுப் புனித எலிசபெத்து. ஹங்கேரியின் பெயர் போர்த்துகலை எட்ட இரண்டு திருமணங்கள் தேவைப்பட்டன. பவேரியாவில் எலிசபெத்தாகப் பிறந்தவள் 1385-இல் பிரான்சின் ஆறாம் சார்லசை மணந்து வரலாற்றில் இசபோ ஆனாள். எதிர்த்திசையிலும் இது நடந்தது. பிரெஞ்சு இளவரசி எலிசபெத் த வலுவா பிரான்சும் ஸ்பெயினும் 1559-இல் செய்துகொண்ட உடன்படிக்கையை ஒட்டி ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்புக்கு மனைவியானாள். ஸ்பானியருக்கு அவள் இசபெல். 1566-இல் அவள் பெற்ற மகளும் இசபெல்தான். இவர்களில் எவளும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. புகுந்த வீட்டின் நாக்கு அதை மாற்றிச் சொன்னது.

அப்படியானால் பிரெஞ்சுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு பெரிது. இசபெல் என்பதன் ஈற்றைப் பிரெஞ்சு தன் பெண்பால் ஈறாக நீட்டி 'இசபெல்ல்' என எழுதியது. எழுத்தில் அந்தப் பின்பாதி அழகி என்று பொருள்படும் 'பெல்' என்ற சொல்லாகவே அமைந்துவிட்டது; இத்தாலியத்தின் இசபெல்லாவும் 'பெல்லா'வைத் தாங்கியது அதேபோல்தான். வேரில் இறைவனைக் குறித்த பெயருக்கு வாயில் அழகு கூடியது. பரப்பியதும் பிரெஞ்சு அரண்மனைகள்தான். 1180-இல் பிலிப் ஓகுஸ்தை மணந்த ஏனோ நாட்டு இசபெல் பிரான்சின் அரசியானாள். 1200-இல் அங்குலேம் இசபெல் இங்கிலாந்தின் ஜானையும், 1308-இல் பிரெஞ்சு அரசன் மகள் இசபெல் இரண்டாம் எட்வர்டையும் மணந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரண்மனைக்கு வெளியிலும் அப்பெயர் பெருகியது. ஸ்காட்லாந்தில் இசோபெல் என்றும் இஷ்பெல் என்றும் கிளைத்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே பெயர் என்றால், பெற்றோர் ஒரு மகளுக்கு எலிசபெத் என்றும் இன்னொருத்திக்கு இசபெல் என்றும் இடுவது எப்படி? கிருஷ்ணன் என்ற வடசொல் பிராகிருதத்தில் கண்ஹன் ஆகித் தமிழில் கண்ணன் ஆனது. இன்று ஒரே வீட்டில் அண்ணன் கிருஷ்ணன், தம்பி கண்ணன் என்று இருப்பதை யாரும் பிழையாகக் கருதுவதில்லை. மூலம் ஒன்றாக இருந்தும் வழக்கில் பெயர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் நடந்தது இதுதான். ஸ்பானியத்தில் பிரிவு அவ்வளவு முற்றவில்லை.

விவிலியத்தின் யேசபேலிடமிருந்து இசபெல் வந்தது என்றொரு கூற்றும் உண்டு. ஒலியொற்றுமை மறுக்க முடியாதது. ஆனால் இறைவாக்கினர் எலியாவைத் துரத்தி, கொடுமையின் அடையாளமாகவே நின்றுவிட்ட ஒருத்தியின் பெயரை இடைக்காலக் கிறித்தவ அரசர்கள் தம் மகள்களுக்குத் தேடி இட்டிருப்பார்கள் என்பது ஏற்கக்கூடியதன்று. புனிதையை முன்னிட்டு இட்டதற்கோ மேலே கண்ட வம்ச வரிசையே சான்று. பெயரொற்றுமையிலிருந்து கதை முளைப்பது புதிதன்று. வெளிர்மஞ்சள் கலந்த ஒரு நிறத்துக்கு ஐரோப்பாவில் இசபெல்லா என்று பெயர். 1566-இல் பிறந்த அந்த ஸ்பானிய இளவரசி, ஓஸ்டெண்டு நகர முற்றுகை முடியும்வரை உள்ளாடை மாற்றுவதில்லை என்று சூளுரைத்ததால் வந்தது அப்பெயர் என்பார்கள். முற்றுகை தொடங்கியது 1601-இல். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தின் உடைப்பட்டியலில் 1600-இலேயே அந்நிறத்தில் ஓர் ஆடை பதிவாகியிருக்கிறது. ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தாலே கதை விழுந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக் கிறித்தவக் குடும்பங்களில் எலிசபெத்தும் இசபெல்லாவும் இரண்டு தனிப் பெயர்களாகவே வழங்குகின்றன. மயிலாப்பூரில் இசபெல் பெயரில் ஒரு மருத்துவமனையே இருக்கிறது. 2022 செப்டம்பரில் பிரிட்டனின் அரசி இறந்தபோது தமிழ் நாளிதழ்கள் இரண்டாம் எலிசபெத் என்று எழுதின. மாட்ரிட்டிலும் லிஸ்பனிலும் வெளியான நாளிதழ்கள் அதே அரசியை இரண்டாம் இசபெல் என்றே எழுதின.